ரொட்டிக்குள் பொம்மை வந்தால் விருந்து உங்கள் செலவு!

ஆங்கில எழுத்துகளைப் பார்த்து 'அஜிஜிக்' என்று வாசித்தால் ஊர்க்காரர்கள் சிரிப்பார்கள். ஸ்பானிய மொழியில் அந்த 'ஜே' எழுத்துக்கு 'ஹ' உச்சரிப்பு. ஊரின் பெயர் அஹிஹிக்!

மெக்சிகோவின் ஹலிஸ்கோ மாநிலத்தில் குவாதலஹாரா நகரிலிருந்து தெற்கே ஒரு மணி நேரம் பயணித்தால், நாட்டின் மிகப்பெரிய ஏரியான சபாலா வரும். அதன் வடகரையில் இருக்கிறது இந்த ஊர். கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரம் என்பதால் கடுங்குளிரும் இல்லை, கொளுத்தும் வெயிலும் இல்லை. அமெரிக்கா, கனடாவில் வேலையிலிருந்து ஓய்வுபெற்றவர்கள் பலர் இங்கே குடியேறக் காரணம் இந்தப் பருவநிலையும், பென்ஷன் பணத்தில் நிம்மதியாக வாழ முடிவதும்தான்.

வெளிநாட்டவர் வருகை புதிதல்ல. ஆங்கில எழுத்தாளர் டி.எச்.லாரன்ஸ் 1923-ல் பக்கத்து ஊரான சபாலாவில் தங்கி நாவல் எழுதினார். வெளிநாட்டவருக்கான 'லேக் சபாலா சொசைட்டி' 1955-ல் தொடங்கப்பட்டது.

முதல் பாடம், வணக்கம்

காய்கறிக் கடையில் நுழைந்ததும் "தக்காளி என்ன விலை?" என்று கேட்பது இங்கே மரியாதைக் குறைவு. முதலில் "புவேனோஸ் தியாஸ்", அதாவது காலை வணக்கம். டாக்டரைப் பார்க்கக் காத்திருக்கும் இடத்திலும் உள்ளே வருபவர் அங்கிருக்கும் எல்லோருக்கும் பொதுவாக வணக்கம் சொல்வார். ஓட்டலில் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பும்போது, பக்கத்து மேஜையில் இருப்பவர் முன்பின் தெரியாதவராக இருந்தாலும் "புரோவேச்சோ" என்பார்கள். 'நல்லா சாப்பிடுங்க' என்று அர்த்தம்!

காலையில் கேஸ் சிலிண்டர் வண்டியின் சத்தம், குடிதண்ணீர் கேன்காரரின் குரல், சாணை பிடிப்பவரின் ஊதல் என்று தெருவே கடிகாரமாகிவிடும். புதன்கிழமை வாரச்சந்தை. அவகாடோ, மிளகாய், முள் நீக்கிய சப்பாத்திக்கள்ளி மடல் எல்லாம் கிடைக்கும். கள்ளியைப் பொரியல்போல வதக்கிச் சாப்பிடுவது இங்கே அன்றாடம்.

செண்டுமல்லியின் தாய்வீடு

நவம்பர் 1, 2 தேதிகளில் இறந்தவர்கள் தினம். வீட்டில் படையல் மேடை அமைத்து, மறைந்தவர்களின் படம், அவர்களுக்குப் பிடித்த உணவு, மெழுகுவர்த்தி, செண்டுமல்லிப் பூ வைப்பார்கள். நம் ஊர் மாலைகளில் நிறைந்திருக்கும் அந்தப் பூவின் தாயகம் மெக்சிகோதான். அப்பா, அம்மாவைத் தொலைதூரத்தில் அடக்கம் செய்துவிட்டு வந்த வெளிநாட்டவர்களில் சிலரும் இப்போது படம் வைத்துப் பூ தூவுகிறார்கள்.

நவம்பர் இறுதியில் ஊர்க் காவலரான புனித அந்திரேயா திருவிழா. விடியற்காலையிலேயே வாணவேடிக்கை அதிரும். புதிதாக வந்தவர்கள் தூக்கம் போச்சே என்று புலம்புவார்கள். பழகியவர்கள் காதில் பஞ்சு வைத்துக்கொள்வார்கள்.

டிசம்பர் 16 முதல் 24 வரை 'போசாதா'. தங்க இடம் தேடி அலைந்த மரியாள், சூசையை நினைத்து, ஒரு கூட்டம் வாசலில் நின்று பாடி இடம் கேட்கும். உள்ளே இருப்பவர்கள் பாட்டிலேயே மறுப்பார்கள். கடைசியில் கதவு திறக்கும், விருந்து தொடங்கும். புத்தாண்டு நள்ளிரவில் 12 மணியோசைக்கு 12 திராட்சை சாப்பிட வேண்டும்.

மாட்டிக்கொண்டவர் யார்?

ஜனவரி 6-ல்தான் சுவாரஸ்யம். மூன்று ராஜாக்கள் திருநாளுக்காக வளைய வடிவில் இனிப்பு ரொட்டி வெட்டுவார்கள். உள்ளே சின்னஞ்சிறு குழந்தை இயேசு பொம்மை ஒளிந்திருக்கும். யார் துண்டில் அது வருகிறதோ, அவர் பிப்ரவரி 2-ல் எல்லோருக்கும் 'தமால்' விருந்து வைக்க வேண்டும். சோளமாவில் இறைச்சியோ மிளகாயோ வைத்து, சோள மடலில் சுற்றி ஆவியில் வேகவைப்பது தமால். நம் இலைக் கொழுக்கட்டைக்குத் தூரத்துச் சொந்தம் எனலாம். பெயர் நஹுவாத் மொழியிலிருந்து வந்தது.

பக்கத்து வீட்டுக்கு ரொட்டி சாப்பிடப் போன வெளிநாட்டவரின் துண்டில் பொம்மை வந்தாலும் விதி அதேதான். அதுவரை விருந்தாளி, இனி விருந்து கொடுப்பவர்!

இது வெறும் விளையாட்டல்ல. ஆங்கில மெனு, ஆங்கிலம் பேசும் டாக்டர், ஆங்கில நூலகம் எல்லாம் இருப்பதால் ஸ்பானிய மொழி தெரியாமலே இங்கே பல வருடங்கள் ஓட்டிவிடலாம். வெளிநாட்டவர் கேட்கும் வீடுகளின் வாடகை ஏறுவதால், பிறந்த தெருவிலேயே வீடு பிடிக்க முடியாமல் உள்ளூர் இளைஞர்கள் திணறுகிறார்கள். ஒரு பொம்மை அந்த வாடகையைக் குறைத்துவிடாது. ஆனால், யாருடைய ஊரில் வாழ்கிறோம் என்பதை முகம் பார்த்துத் தெரிந்துகொள்ள வைக்கும். எழுபது வயதில் தனியாக இருப்பவருக்கு நள்ளிரவில் உடம்பு முடியாமல் போனால், முதலில் கதவைத் தட்டப்போவதும் அந்தப் பக்கத்து வீட்டுக்காரர்தான்.

தமால் செய்யத் தெரியாவிட்டால் கடையில் வாங்கலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். ஆனால் பக்கத்து வீட்டு அம்மாவிடம் "தோன்யா, எனக்குச் சொல்லித் தருவீர்களா?" என்று கேட்டுப் பார்க்கலாம். மடலை ஊறவைத்து, மாவைப் பிசைந்து, ஒவ்வொன்றாகச் சுற்றி முடிக்க அரை நாளாவது ஆகும். அந்த அரை நாளில் வகுப்பே இல்லாமல் பாதி ஸ்பானிய மொழி வந்துவிடும்!