மூத்தவர் களத்தில் இருக்கும்போதே

கூடைப்பந்து ஆட்டக்காரருக்கு வயது ஏறுவது முதலில் காலில்தான் தெரியும். முப்பத்தைந்து வயதிலும் ஜம்ப் ஷாட் அப்படியே இருக்கும். ஃப்ரீ த்ரோ முன்பைவிடத் துல்லியமாகக்கூட விழும். போய்விடுவது வேறு மூன்று: ரீபவுண்டுக்குக் குதித்து இறங்கியதும் உடனே எழும்பும் இரண்டாவது குதி, டிஃபென்ஸில் பக்கவாட்டில் வைக்கும் முதல் எட்டு, பந்து பறிபோனதும் திரும்பி ஓடும் வேகம். கேலரியில் இருப்பவர்கள் பந்தைப் பார்ப்பதால் அவர்களுக்கு அவர் பழைய நாயகன்தான். பயிற்சியாளர் காலைப் பார்க்க வேண்டும். கோடையில் பெரியகுளம், கோவை போன்ற ஊர்களில் நடக்கும் போட்டிகளில் அடுத்தடுத்த நாள் ஆட்டம் இருக்கும். முதல் நாள் சீனியர் இருபது புள்ளி எடுப்பார். கூட்டம் எழுந்து நின்று கைதட்டும். மூன்றாம் நாள் மாலை, அவர் காக்க வேண்டிய பையன் ஒரே ட்ரிபிளில் அவரைத் தாண்டிப் போவான். அணியை இளையவர் கைக்கு மாற்றும் வேலையை அந்த மூன்றாம் நாளில் தொடங்கினால் ரொம்பத் தாமதம்.

தமிழ்நாட்டின் வலுவான அணிகள் பெரும்பாலும் வங்கி, ரயில்வே, காவல்துறை என நிறுவனங்களைச் சேர்ந்தவை. விளையாட்டு ஒதுக்கீட்டில் இருபத்தொரு வயதில் வேலைக்குச் சேரும் பையன் அங்கேயே ஓய்வு பெறுவான். அவனை இன்னோர் அணிக்குக் கொடுத்துவிட்டு வேறொருவனை வாங்க முடியாது. ஆள் எடுக்கும் அறிவிப்பு வந்தால்தான் புது முகம். ஆகவே போகப்போகிறவரும் வரப்போகிறவரும் ஒரே பெஞ்சில் பல ஆண்டுகள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள். பயிற்சியாளரான எனக்கு இந்தத் தொழிலில் மிகக் கடினமானதும் மிகப் பிடித்ததும் அந்த ஆண்டுகள்தான்.

அமெரிக்காவின் என்பிஏ லீகில் அணியை இளையவர் கைக்கு மாற்றியதற்குப் புகழ்பெற்ற உதாரணம் பாஸ்டன் செல்டிக்ஸ். 2013இல் பால் பியர்ஸையும் கெவின் கார்னெட்டையும் புரூக்ளின் நெட்ஸுக்குக் கொடுத்துவிட்டு, புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் எதிர்கால டிராஃப்ட் உரிமைகளை வாங்கிக்கொண்டார்கள். அதன் வழியாக வந்தவர்கள் ஜேலன் பிரவுனும் ஜேசன் டேட்டமும். 2024இல் கோப்பையும் வந்தது. கெட்டிக்காரத்தனமான வியாபாரம்தான். ஆனால் அதில் பயிற்சியாளர் கற்றுக்கொள்ள அதிகம் இல்லை. முதியவரும் இளையவரும் ஒருநாள்கூடச் சேர்ந்து ஆடவில்லையே! நமக்குப் பாடம் சான் அன்டோனியோ ஸ்பர்ஸிடம்தான் இருக்கிறது.

2011இல் அந்த அணியில் டிம் டங்கனுக்கு 35 வயது, மனு ஜினோபிலிக்கு 34. மூவரில் இளையவரான டோனி பார்க்கருக்கே 29. அந்த டிராஃப்டில் பயிற்சியாளர் கிரெக் போபோவிச்சுக்கு மிகவும் பிடித்த ஜார்ஜ் ஹில்லை இண்டியானாவுக்குக் கொடுத்து, 15ஆவது தேர்வாக வந்த கவாய் லெனார்ட் என்ற இளைஞனை வாங்கினார்கள். பேச்சு குறைவு, கை பெரிது, ஷாட் சரியில்லை. ஷாட் பயிற்சியாளர் சிப் எங்கெலன்ட் அவன் பந்தை விடும் நிலையையே மாற்றினார். ஆனாலும் முதலில் அவனுக்குக் கொடுக்கப்பட்டது ஷாட் அல்ல. எதிரணியின் சிறந்த ஆட்டக்காரரைக் காக்கும் வேலை. கைமாற்றத்துக்கு ஒரு வரிசை உண்டு என்று நான் நம்புவது இதைப் பார்த்துத்தான். முதலில் மாற்ற வேண்டியது கால் செய்யும் வேலை. சீனியருக்கு அதில் மனவருத்தமும் வராது. எதிரணியின் வேகக்காரனைத் துரத்தும் பொறுப்பைத் தம்பி எடுத்துக்கொண்டால் அவர் மூச்சு விடுவார்.

அடுத்து நிமிடங்கள். 2012 மார்ச்சில் ஓர் ஆட்டத்தில் டங்கனுக்கு ஓய்வு கொடுத்தபோது, ஆடாததற்குக் காரணம் ‘முதுமை’ என்றே ஸ்கோர் ஷீட்டில் பதிவாயிற்று. அதே ஆண்டு நவம்பரில் மயாமி ஆட்டத்துக்கு முன் டங்கன், பார்க்கர், ஜினோபிலி உள்ளிட்டோரை வீட்டுக்கு அனுப்பியதற்காக லீக் 2,50,000 டாலர் அபராதம் விதித்தது. போபோவிச் அசையவில்லை. 2013-14 சீசனில் அந்த அணியில் ஒருவர்கூடச் சராசரியாக 30 நிமிடம் ஆடவில்லை. அப்படி இருந்தும் 62 வெற்றி. மூத்தவரின் நிமிடத்தைக் குறைத்தால் அணி பலவீனமாகும் என்று என்னிடம் வாதாடும் நிர்வாகிகளுக்கு நான் சொல்லும் பதில் அந்தச் சீசன்.

மூன்றாவது, கடைசி இரண்டு நிமிடத்தில் பந்து யார் கையில் என்பது. இங்கேதான் அணிகள் உடையும். பயிற்சியில் நான் இரண்டு புள்ளி பின்தங்கியிருப்பதாக வைத்துக்கொண்டு அந்தக் கட்டத்தைத் திரும்பத் திரும்ப ஆடவைப்பேன். பந்து ஜூனியர் கையில். ஸ்கிரீன் போடுவது சீனியர். நட்சத்திரத்தின் கால் ஓய்ந்த பிறகும் எதிரணிக்கு அவர்மேல் உள்ள பயம் ஓயாது. அவர் ஸ்கிரீன் போட்டுவிட்டு வளையத்தை நோக்கி உருண்டால் இரண்டு பேர் அவரோடு போவார்கள், பையனுக்கு வழி திறக்கும். “அண்ணா, நீங்க உருளுங்க, நான் போடுறேன்” என்று ஜூனியர் தானாகச் சொல்லும் நாள்வரை நான் விடுவதில்லை. மரியாதையால் அவன் பந்தைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே இருப்பதுதான் பெரிய ஆபத்து. 2014 இறுதிச் சுற்றின் முதல் இரண்டு ஆட்டங்களில் லெனார்ட் எடுத்தது தலா 9 புள்ளி. ஒதுங்கி நிற்காதே என்று போபோவிச் அழுத்தினார். மூன்றாவது ஆட்டத்தில் 29. மயாமியை 4-1 என வென்ற அந்தத் தொடரின் சிறந்த ஆட்டக்காரர் 22 வயது லெனார்ட். 38 வயது டங்கனுக்கு அது ஐந்தாவது கோப்பை.

இதெல்லாம் நடக்க மூத்தவரின் சம்மதம் வேண்டும். ஒரு கோப்பையில் ஆரம்ப ஐவரில் இடம், அடுத்த கோப்பையில் பெஞ்ச் என்று அறிவிப்புப் பலகையில் பார்த்துத் தெரிந்துகொண்டால் எந்த மனிதனுக்கும் நெஞ்சு எரியும். ஜினோபிலி உலகத் தரத்தில் இருந்தபோதே பெஞ்சிலிருந்து இறங்க ஒப்புக்கொண்டார். டங்கன் 2012இல் சம்பளத்தை ஏறத்தாழ பாதியாகக் குறைத்துக்கொண்டார். 2018 ஜனவரியில் பார்க்கரின் இடத்தை 21 வயது டிஜான்டே மர்ரேவுக்குக் கொடுக்க வேண்டி வந்தபோது, போபோவிச் அதை அவரிடம் நேரில் சொன்னார். பார்க்கர் ஏற்றுக்கொண்டு பையனுக்குத் துணையாக நின்றார்.

அதே ஆண்டு கோடையில் லெனார்ட் மனம் கசந்து டொரான்டோவுக்குப் போய்விட்டார், ஜினோபிலி ஓய்வு பெற்றார், பார்க்கர் சார்லட்டுக்குப் போனார் என்பதும் உண்மை. கைமாற்றம் வீண் என்பதற்கு அதைச் சாட்சியாகக் காட்டுபவர்கள் உண்டு. எனக்கு அது ஏற்பில்லை. மாறாத அணி என்ன ஆகும் என்பதற்கு லேக்கர்ஸ் இருக்கிறது: கோபி பிரையன்ட்டைச் சுற்றியே சுழன்ற 2015-16 சீசனில் 17 வெற்றி, 65 தோல்வி. கடைசி நாளில் அவர் எடுத்த 60 புள்ளியை நானும் கண்கலங்கிப் பார்த்தேன். ஆனால் அந்தச் சீசனை எந்த அணிக்கும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

நம் நிறுவனங்களின் விளையாட்டுப் பொறுப்பாளர்களிடம் ஒன்று கேட்கிறேன். சீனியர் ஓய்வு அறிவித்த பிறகு ஆள் தேடாதீர்கள். அவருக்கு இன்னும் மூன்று சீசன் ஆடும் தெம்பு இருக்கும்போதே இளையவரை வேலைக்கு எடுங்கள். இருவரும் சேர்ந்து ஆடக் காலம் கொடுத்தால் மீதியைப் பயிற்சியாளர்கள் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.