நாலு விரல் இடைவெளி

கார் டயருக்கும் அதன் மேலே வளைந்திருக்கும் தகட்டு விளிம்புக்கும் நடுவில் உள்ள இடைவெளியை, வண்டியை இறக்கிக்கொள்ளும் பையன்கள் விரலால்தான் அளக்கிறார்கள். ஷோரூமிலிருந்து வரும் ஸ்விஃப்டில் நாலு விரல் தாராளமாகப் போகும். ரெண்டு விரலுக்கு வந்தால் அழகு. ஒரு விரலும் நுழையாத வண்டிகளும் கோவையில் இருக்கின்றன. அவற்றை நிறுத்திவைத்துப் படம் எடுக்கலாம். மழைக்காலத்தில் சத்தி ரோட்டில் ஓட்டிப் பார்க்க எனக்குத் துணிச்சல் வராது.

அந்த ரெண்டு விரலை எப்படி எடுக்கிறார்கள் என்று பார்க்கத்தான் கணபதியில் ஒரு பட்டறைக்குப் போனேன். கோவைக்குக் காரைப் பிரித்து மேய்வது புதிதல்ல. எஸ். கரிவரதன் 1980களின் கடைசியில் மாருதி எஞ்சினை வைத்து ஒற்றை இருக்கை ரேஸ் கார்களைக் கட்டியது இங்கேதான். செட்டிபாளையத்தில் உள்ள ரேஸ் டிராக் அவர் பெயரில்தான் இருக்கிறது. பம்பு செட்டும் லேத் பட்டறையும் வார்ப்படமும் பக்கத்துப் பக்கத்துத் தெருவில் கிடைக்கிற ஊரில், ஒரு பாகம் வேண்டுமென்றால் வாங்குவதற்கு முன் செய்து பார்க்கலாமா என்றுதான் யோசிப்பார்கள். பட்டறைக்காரரும் இளவயதில் ரேஸ் வண்டிகளுக்கு ஸ்பேனர் பிடித்தவர். இப்போது அறுபதைத் தாண்டிவிட்டார். வேலையாட்களுக்கு அவர் 'அண்ணா'. வருகிறவர்கள் எல்லோரும் அவருக்குக் 'கண்ணு', இல்லாவிட்டால் 'தம்பி'.

அன்று வந்தது வெள்ளை ஸ்விஃப்ட். ஓட்டிவந்த பையன் கல்லூரி முடித்து வேலைக்குச் சேர்ந்தவன். அண்ணா வண்டியைப் பார்ப்பதற்கு முன் அவனைத்தான் விசாரித்தார்.

"பின்னால யாரு கண்ணு உக்காருவாங்க?"

"அப்பா, அம்மா, தங்கச்சிங்ணா. மாசத்துல ஒருக்கா மருதமலை."

"அப்ப முப்பதுக்கு மேல எறக்க மாட்டேன்."

முப்பது என்றது மில்லிமீட்டர். பையன் ஐம்பது கேட்டு வந்திருந்தான். பேரம் பேசினால் இறங்கும் சரக்கு இல்லை என்று அண்ணாவின் முகத்திலேயே தெரிந்தது.

காற்றைச் சரிபார்த்து, சமதரையில் நிறுத்தி, சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து மேல் விளிம்பு வரை நாலு மூலையிலும் டேப் பிடித்தார்கள். தரையிலிருந்து அளந்தால் டயர் தேய்மானம் கணக்கில் கலந்துவிடுமாம். பிறகு ஜாக்கி, ஸ்டாண்டு. முன்பக்கம் ஷாக் அப்சார்பரும் ஸ்பிரிங்கும் ஒரே தண்டாக வெளியே வந்தன. அந்தத் தண்டின் தலையில் உள்ள நட்டை அப்படியே கழற்றிவிட முடியாது. உள்ளே ஸ்பிரிங் அமுங்கிய நிலையில் உட்கார்ந்திருக்கிறது. ஒரு மில்லிமீட்டர் அமுங்க 2 கிலோ தேவை என்று வைத்துக்கொண்டால், 100 மில்லிமீட்டர் அமுங்கியது 200 கிலோ விசையோடு வெளியே வரத் துடிக்கும். இரண்டு பக்கமும் கொக்கி போட்டு, திருகி அமுக்கிப் பிடித்த பிறகே நட்டில் ஸ்பேனர் வைத்தார்கள். வைக்கும்போது தண்டின் நேர் எதிரே யாரையும் நிற்க விடவில்லை. என்னையும் தள்ளி நிற்கச் சொன்னார்கள்.

இதே ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை வெட்டி எறிந்தாலும் வண்டி இறங்கும். செலவே இல்லாத வழி அதுதான். வேலை செய்யும் சுற்று ஆறில் ஒன்றை எடுத்தால் மிச்சம் ஐந்தும் 20 சதவீதம் கடினமாகும். அதுவரை சரிதான். ஆனால் வெட்டிய முனை, ஸ்பிரிங் உட்காரும் கிண்ணத்தில் சரியாகப் பொருந்தாது. சக்கரம் பள்ளத்தில் தொங்கும்போது ஸ்பிரிங் தளர்ந்து இடம் மாறி உட்காரும். இதைவிட மோசம், கேஸ் கட்டரால் வெட்டுவதும் சூடு காட்டி ஸ்பிரிங்கைத் தானாக உட்கார விடுவதும். அந்த எஃகை எண்ணெயில் குளிர்வித்துப் பதம் ஏற்றியிருப்பார்கள். சிவக்கச் சிவக்கச் சுட்ட இடத்தில் பதம் போய்விடும். மூலையில் கிடந்த ஒரு ஸ்பிரிங்கை அண்ணா காலால் நகர்த்திக் காட்டினார். சூடு பட்ட இடத்துக்குப் பக்கத்திலேயே இரண்டாக உடைந்திருந்தது. "பொள்ளாச்சில இருந்து கட்டி இழுத்துட்டு வந்தாங்க தம்பி" என்றார்.

புது ஸ்பிரிங்கைச் சுற்றும் வேலை ஆவாரம்பாளையத்தில் ஒரு லேத்தில் நடக்கிறது. கம்பி நேராக்கிப் பதமேற்றியே வருகிறது. இந்த ஸ்விஃப்டுக்கு எடுத்தது பழையதைவிடக் கொஞ்சம் தடித்த கம்பி. அந்தக் 'கொஞ்சம்' லேசுப்பட்டதல்ல. வட்டமும் சுற்றும் மாறாமல் 12 மில்லிமீட்டர் கம்பியை 13 ஆக்கினால் ஸ்பிரிங் சுமார் 38 சதவீதம் கடினமாகிவிடும். தடிமன் நான்கு முறை பெருக்கப்பட்டுக் கணக்கில் வருகிறது. லேத் பிடிக்கிறவருக்கு இந்தச் சூத்திரம் தெரியுமா என்று நான் கேட்கவில்லை. அவரிடம் எண்ணெய்க் கறை படிந்த நோட்டு ஒன்று இருந்தது. எந்தக் கம்பிக்கு எந்த உருளை, எந்தப் பல்சக்கரம் என்று பல வருடக் கணக்கு அதில் இருந்தது.

கம்பியின் முனையை உருளையில் கவ்வவைத்து லேத்தை மிக மெதுவாக ஓடவிட்டார். மரை வெட்டுவது போலவே கருவிப் பலகை பக்கவாட்டில் நகர, கம்பி இறுக்கமாகச் சுற்றிக்கொண்டே போனது. முதல் சுற்று ஒட்டிக்கொண்டு, அடுத்தது மெல்ல விலகி, பிறகு ஒரே இடைவெளி, கடைசியில் மறுபடி நெருக்கம். உருளையின் விட்டம் தேவையானதைவிடச் சின்னது; பிடியை விட்டதும் ஸ்பிரிங் கொஞ்சம் விரிந்து வளைவு தளரும். எவ்வளவு தளரும் என்பது கம்பிக்குக் கம்பி வேறுபடும். புதுக் கட்டுக் கம்பி வந்தால் முதலில் ஒன்று சுற்றிப் பார்த்து, நோட்டில் திருத்திவிட்டுத்தான் அடுத்ததைத் தொடுவார். பிடியைத் தளர்த்தும்போது முனை ஒரு துள்ளு துள்ளியது. அவர் கை அதற்கு முன்பே விலகியிருந்தது.

சுற்றி முடித்ததும் அடுப்பில் மிதமான சூடு, உள்ளே ஏறிய இறுக்கம் தணிவதற்காக. அடுத்தது பிரஸ். சுற்றோடு சுற்று முட்டும்வரை அமுக்கி, விட்டு, மறுபடி அமுக்குகிறார்கள். முதல் அமுக்கலில் ஸ்பிரிங்கின் உயரம் குறைகிறது, அதற்கடுத்து ஏறக்குறைய அப்படியே நிற்கிறது. உட்கார வேண்டியதைப் பட்டறையிலேயே உட்கார வைத்துவிடுவதுதான் நோக்கம். இதைச் செய்யாமல் மாட்டினால் ஒரு மாதத்தில் வண்டி ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும். மலிவு விலை ஸ்பிரிங்குகளில் பெரும்பாலும் விடுபடுவது இந்த வேலைதான் என்றார் லேத்காரர். விலையைப் பார்த்தபோது எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

முப்பதுக்கு மேல் ஏன் கூடாது என்பதற்கு அண்ணா ஒரு கணக்குச் சொன்னார். சக்கரம் மேலே எழும்பி ரப்பர் தடுப்பில் முட்டுவதற்கு முன் 60 மில்லிமீட்டர் இடம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வண்டியை 30 இறக்கினால் மிச்சம் 30. முன்பு 60-இல் வாங்கிக்கொண்ட அடியைப் பாதித் தூரத்தில் வாங்க வேண்டுமானால் நாலு மடங்கு கடினமான ஸ்பிரிங் தேவை. அப்படிப் போட்டால் முதுகு போய்விடும். அதனால் ஓரளவு கடினமாக்கிவிட்டு மிச்சத்தை ரப்பர் தடுப்பிடம் விடுகிறார்கள். "வண்டிய எறக்கறது பெருசில்லைங்க தம்பி. மிச்சமிருக்கற எடத்துல அது பொழைக்கோணும்."

தாழ்ந்த வண்டி வளைவில் சாயாது என்று பையன்கள் நம்புவதும் பாதிதான் உண்மை. முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கீழ்க் கை, வண்டி இறங்கியதும் வெளிநுனி மேல்நோக்கித் திரும்புகிறது. அதனால் வண்டி எந்தப் புள்ளியை மையமாக வைத்துச் சாய்கிறதோ அந்தப் புள்ளி, வண்டியின் எடை மையத்தைவிட வேகமாகக் கீழே போய்விடுகிறது. ரொம்ப இறக்கினால் சாயும் ஆசை கூடத்தான் செய்யும். ஸ்பிரிங்கின் கடினம் அதை மறைக்கிறது.

செட்டிபாளையத்து டிராக்கில் வேகத்தடை கிடையாது. தெருவில் உண்டு. இந்திய ரோடு காங்கிரஸின் விதிப்படி வேகத்தடை 10 சென்டிமீட்டர் உயரமும் 3.7 மீட்டர் அகலமும் கொண்ட மெல்லிய மேடாக இருக்க வேண்டும். நம் தெருக்களில் ஒரு முழ அகலத்தில் சுவர் மாதிரி எழுப்பிவைத்திருப்பதைச் சஸ்பென்ஷன் கணக்கில் எப்படிச் சேர்ப்பது? சட்டமும் இந்த வேலைக்கு ஆதரவாக இல்லை. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், தயாரிப்பாளர் வடிவமைத்ததற்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்றது. அதே ஆண்டுத் திருத்தம், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று வைத்திருக்கிறது. ஆர்.சி.யில் ஸ்பிரிங் பற்றி ஒரு வரியும் கிடையாது, அதனால் சாலையில் யாரும் கேட்பதில்லை என்கிறார்கள் பட்டறைகளில். விபத்துக்குப் பிறகு இன்சூரன்ஸ்காரர் கேட்பார் என்பதை அண்ணா மட்டும் பையனிடம் சொல்லிவிட்டுத்தான் வேலையைத் தொடங்கினார். சொல்லாமல் செய்கிறவர்களே அதிகம் என்று நினைக்கிறேன்.

ஸ்பிரிங்குகளை மாட்டி, ஸ்டியரிங்கை இருபக்கமும் கடைசிவரை ஒடித்து டயர் எங்காவது உரசுகிறதா என்று பார்த்தார்கள். உரசவில்லை. பிறகு வேலையாட்கள் மூன்று பேரைப் பின்சீட்டில் ஏற்றி, தெருமுனை வேகத்தடையில் விட்டுப் பார்த்தார் அண்ணா. அடியில் சைலன்சர் கரகரவென்று தேய்த்தது. பையன் முகம் சுருங்கியது. பரவாயில்லை, குறுக்கே ஏற்றிக்கொள்கிறேன் என்றான். அண்ணா கேட்கவில்லை. ஸ்விஃப்டில் பின் ஸ்பிரிங் சக்கரத்துக்கு நேராக இல்லாமல் சற்று முன்னால் உட்காருகிறது. அங்கே ஒரு மில்லிமீட்டர் ஏற்றினால் சக்கரத்தில் அதற்கு மேலேயே கிடைக்கும். கிண்ணத்தின் அடியில் எட்டு மில்லிமீட்டர் ரப்பர் வட்டம் ஒன்றை வைத்து மறுபடி மாட்டச் சொன்னார். அதே மூன்று பேர், அதே வேகத்தடை. இந்த முறை தேய்க்கவில்லை.

நாலு மூலை அளவையும் தேதியோடு எழுதி வைத்துக்கொண்டு, ஐந்நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு மறுபடி வரச் சொன்னார். ரப்பருக்குக் காசு வாங்கவில்லை. வீல் அலைன்மென்ட்டுக்குத் தனியாகப் பில் போட்டார். அதைச் செய்யாமல் வண்டியை வெளியே விட மாட்டார்களாம்.