மட்டுஷெக்கின் கடை

2016 டிசம்பரில் செமஸ்டர் விடுமுறைக்கு வந்திருந்த மகள், “அப்பா, இது கடைக்காரங்க படம், நீங்க பார்த்தே ஆகணும்” என்று மடிக்கணினியை என் முன்னால் திறந்துவைத்தாள். 1940-ல் வந்த கறுப்பு வெள்ளைப் படம். பெயர் ‘தி ஷாப் அரவுண்ட் தி கார்னர்’. ஹாலிவுட்டின் காதல் நகைச்சுவைப் படங்களில் இதற்கு மேல் ஒன்று இல்லை என்பது அவள் கட்சி. பாதிப் படம் வரை வாய்விட்டுச் சிரித்தேன். பிறகு ஒரு காட்சி வந்தது. எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டேன்.

கதை நடப்பது ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரில், மட்டுஷெக் என்பவரின் கடையில். கைப்பை, தோல் பெட்டி, பரிசுப் பொருள் விற்கும் கடை. தலைமை விற்பனையாளன் கிராலிக்காக ஜேம்ஸ் ஸ்டூவர்ட். புதிதாக வேலைக்குச் சேரும் கிளாராவாக மார்கரெட் சுல்லவன். இருவருக்கும் ஒருவரை ஒருவர் கண்டால் ஆகாது. ஆனால் இருவரும் முகம் தெரியாத ஒருவருக்கு உருகி உருகிக் கடிதம் எழுதுகிறார்கள். அந்த முகம் தெரியாதவர் பக்கத்துக் கவுண்டரில்தான் நிற்கிறார். இதே கதையை மின்னஞ்சலுக்கு மாற்றி 1998-ல் ‘யூவ் காட் மெயில்’ எடுத்தார்கள். அதுவும் நல்ல படம்தான். ஆனாலும் எனக்குப் பழையதுதான். பழையதில் கடை இருக்கிறது. கடை திறக்கும் முன் வாசலில் காத்து நிற்கும் சிப்பந்திகள், முதலாளி வந்து இறங்கும்போது மாறும் அவர்கள் முகம், கிறிஸ்துமஸ் வியாபாரத்துக்கு முந்தைய பதற்றம், ராத்திரி இருந்து இருப்பு எடுப்பது எல்லாம் இருக்கின்றன.

இயக்குநர் எர்ன்ஸ்ட் லூபிட்ச் பெர்லினில் ஒரு தையற்காரருக்குப் பிறந்தவர். இளவயதில் பகலில் அப்பாவின் கடையில் கணக்கு எழுதிவிட்டு, இரவில் மேடையில் நடித்தவர். 1922-ல் அமெரிக்கா போனார். அவர் கடையில் இருந்தவர் என்று யாரும் சொல்லாவிட்டாலும் கண்டுபிடித்திருப்பேன். பிரோவிச் என்று ஒரு நடுவயது சிப்பந்தி வருகிறார், பிள்ளைகுட்டிக்காரர். முதலாளி ஒரு பொருளை எடுத்துவைத்து, “உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்” என்று தொடங்கினால் போதும், ஆள் மாடிப்படியில் மறைந்துவிடுவார். கல்லாவுக்கு எதிரே நின்று பார்த்தவனுக்குத்தான் இது தெரியும். எங்கள் கடையில் அப்பா புதுச் சரக்கைப் பிரித்து “எப்படி இருக்கு?” என்று கேட்கும்போது, அங்கே மடிப்பதற்கு என்று ஒரு புடவை எல்லோர் கைக்கும் எப்படியோ வந்துவிடும்.

இன்னொன்றும் ஜவுளிக்காரன் என்ற முறையில் சொல்ல வேண்டும். கிளாரா உடுத்துவதற்காகச் சுல்லவன் 1 டாலர் 98 சென்ட்டுக்கு ஆயத்த உடை ஒன்றை வாங்கி வந்தாராம். வேலை தேடும் பெண்ணுக்கு இதுவே எடுப்பாக இருக்கிறது என்று லூபிட்ச் அதை வெயிலில் போட்டு வெளிற வைத்து, சரியாகப் பொருந்தாதபடி பிரித்துத் தைக்கச் சொன்னார். அந்தப் படத்தின் அன்பு எல்லாம் இந்த மாதிரி இடங்களில்தான் இருக்கிறது. தபால் பெட்டிக் காட்சியையும் சொல்லியாக வேண்டும். வரிசையாகத் தபால் பெட்டிகள். நாம் உள்ளிருந்து பார்க்கிறோம். ஒரு பெட்டி திறக்கிறது. கையுறை போட்ட கை உள்ளே வந்து துழாவுகிறது. கடிதம் இல்லை. கை போய், அந்தச் சின்னச் சதுரத்துக்குள் கிளாராவின் முகம் வந்து எட்டிப் பார்க்கிறது. ஒரு வார்த்தை வசனம் கிடையாது.

என்னை எழுப்பிவிட்ட காட்சி இது எதுவும் இல்லை. மட்டுஷெக்குக்கு ஒரு மொட்டைக் கடிதம் வருகிறது. உன் மனைவிக்கும் உன் சிப்பந்திகளில் ஒருவனுக்கும் தொடர்பு என்று. அடிக்கடி வீட்டுக்குச் சாப்பிட வருபவன் கிராலிக், மகனைப் போல நடத்தியவன். அவனாகத்தான் இருக்கும் என்று முடிவுகட்டி, அறைக்குக் கூப்பிட்டு வேலையிலிருந்து நிறுத்துகிறார். காரணம் கேட்கிறான். சொல்லவில்லை. கையில் ஒரு நற்சான்றுக் கடிதம் கொடுக்கிறார். ஒன்பது வருடம் இருந்தான், திறமையானவன், தானாகவே விலகுகிறான் என்று அதில் இருக்கிறது. வெளியே வந்து மற்றவர்கள் நடுவில் அதை வாசிக்கிறான் கிராலிக். ஸ்டூவர்ட்டின் குரல் உயரவே இல்லை.

கும்பகோணத்தில் எங்களுக்கு ஜவுளிக்கடை. 2009 ஆவணியில் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலக்கையும் பேச்சும் போயின. கல்லாவில் நான் உட்கார்ந்தேன். தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது பட்டுப் பிரிவில் இருப்பு எடுத்தோம். ஆறு புடவை குறைந்தது, ஆறும் கல்யாணப் பட்டு. அந்தத் தட்டுக்குப் பொறுப்பானவர் 26 வருடம் எங்களிடம் இருந்தவர். பள்ளிக்கூடம் விட்டு நேரே கடைக்கு வந்துகொண்டிருந்த வயதில் எனக்குக் கெஜக்கோல் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர். அவரை நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். அந்த வருடம்தான் மகளைத் திருச்சியில் இன்ஜினீயரிங் சேர்த்திருந்தார். அவ்வளவு பணம் ஏது என்று ஒருவர் என் காதில் போட்டார். எனக்கு அது போதுமாக இருந்தது.

கடை சாத்தும் நேரத்தில் மேலே கூப்பிட்டேன். போனஸையும் இரண்டு மாதச் சம்பளத்தையும் கவரில் போட்டுக் கொடுத்து, “நாளையிலேர்ந்து வர வேண்டாம்ணே” என்றேன். காரணம் சொல்லவில்லை. திருட்டுப் பட்டம் கட்டாமல் அனுப்புகிறேனே, அது பெருந்தன்மை என்று நினைத்தேன். அவர் கவரைப் பிரிக்கவில்லை. பையிலிருந்த கத்தரியை எடுத்து மேசைமேல் வைத்தார். கை நழுவாமல் இருக்க அதன் பிடியில் அவரே சுற்றிய பச்சை நூல் கறுத்துப்போயிருந்தது. டேப்பைச் சுருட்டி அதன் பக்கத்தில் வைத்தார். இறங்கிப் போய்விட்டார்.

பங்குனியில் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு குடும்பத்தார் வந்தார்கள். ஆவணியில் அப்பா பார்வைக்கு என்று வீட்டுக்குக் கொடுத்தனுப்பிய புடவைகளாம். வீட்டில் ஒரு சாவு விழுந்து கல்யாணம் தள்ளிப்போய்விட்டது, மன்னிக்கணும் என்று ஆறையும் மடிப்புக் கலையாமல் கல்லாமேல் வைத்தார்கள். மகள் படிப்புக்கு அவர் வங்கியில் கடன் வாங்கியிருந்ததும் அந்த வாரமே தெரிந்தது.

உடனே போயிருக்க வேண்டும். அவர் வீடு கடையிலிருந்து இரண்டு கிலோமீட்டர். நாளை, நாளை என்று தள்ளினேன். 2012-ல் அப்பா இறந்தபோது அவர் மாலையோடு வந்தார், சுடுகாடு வரை நடந்தார். அன்றும் நான் பேசவில்லை.

கொல்லையில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பி வந்தேன். மகள் படத்தை நிறுத்தி வைத்திருந்தாள். மட்டுஷெக் அமர்த்தியிருந்த துப்பறிகிறவர் வந்து, ஆள் கிராலிக் இல்லை, வடாஸ் என்ற இன்னொருவன் என்று சொல்லிவிட்டுப் போகிறார். மட்டுஷெக் அன்றிரவே உயிரை விடத் துணிகிறார். எடுபிடிப் பையன் பெப்பி சரியான நேரத்தில் உள்ளே வந்ததால் பிழைக்கிறார். மட்டுஷெக்காக ஃபிராங்க் மார்கன் மருத்துவமனைக் காட்சியில் நடித்திருப்பதை இதுவரை நான்கு முறை பார்த்துவிட்டேன். கிராலிக் வந்ததும் அந்தக் கிழவர் சுற்றி வளைக்கவில்லை. படுத்தபடியே வருத்தத்தைச் சொல்லி, கடையின் சாவியை அவன் கையில் கொடுத்து மேனேஜர் ஆக்குகிறார். சேர்ந்து சாப்பிடக்கூட யாரும் இல்லாமல் கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவில் கடை வாசலில் நிற்கும்போது, ஊருக்குப் புதிதாய் வந்த வேறொரு ஏழை எடுபிடிப் பையனைக் கூட்டிக்கொண்டு, சூப்பும் வாத்து வறுவலும் ஆப்பிள் பலகாரமும் உனக்குப் பிடிக்குமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டு போகிறார். காதலர்கள் சேர்வது அதற்குப் பிறகுதான். முதலாளியின் கணக்கு தீராமல் லூபிட்ச் அவர்களைச் சேர்த்துவைக்கவில்லை என்றுதான் எனக்குப் படுகிறது.

அந்த வாரமே போனேன். பாபநாசத்தில் ஒரு சின்னக் கடையில் ரவிக்கைத் துணி கிழித்துக்கொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. “வாங்க தம்பி, உட்காருங்க” என்று ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். நின்றபடியே சொன்னேன், ஆறு புடவை, என் சந்தேகம், பங்குனியில் அவை திரும்பி வந்தது, அதற்குப் பிறகும் நான் வராமல் இருந்தது எல்லாம். மன்னிச்சிடுங்கண்ணே என்றேன். ஏன் நிறுத்தினேன் என்பது அவருக்கு அந்த நிமிஷம்தான் தெரிகிறது என்பதை அவர் முகம் பார்த்துப் புரிந்துகொண்டேன்.

கொஞ்ச நேரம் துணியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஐயா பார்வைக்குக் குடுத்தா சீட்டு எழுதி மகாலட்சுமி படத்துக்குப் பின்னாடிதானே தம்பி சொருகுவாங்க? ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே. அந்த வருஷம் ஆயுத பூஜைக்குப் படத்தை இறக்குனப்ப இல்லையா?”

அந்த வருடம் படத்தை இறக்கித் துடைத்தவன் நான். பின்னால் இருந்த சீட்டுகளைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் பழைய பேப்பரோடு கட்டிப் போட்டவனும் நான்தான்.