ஒன்றா, இரண்டா?

மூளைப் படங்களில் எல்லைக்கோடு வரைவது இரண்டு ஆண்டுகளாக என் அன்றாட வேலை. மொழியியல் முதுகலை முடித்துவிட்டு வந்த எனக்கு முதலில் இது அந்நியமாகத் தெரிந்தது. இப்போது அப்படித் தெரியவில்லை. ஒலியனியல் வகுப்பில் சந்தித்த அதே கேள்விதான் இங்கும் நாள்தோறும் எதிரில் வந்து நிற்கிறது: கண்முன் இருப்பதை ஒன்றென்று எண்ணுவதா, இரண்டென்று எண்ணுவதா?

இடத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். மூளையின் இரு புறமும், காதுக்கு உட்பக்கமாக அமைந்திருப்பது பொட்டு மடல். அதன் மேற்பரப்பு வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. சில்வியன் பிளவு என்னும் ஆழமான பள்ளத்துக்குள் மறைந்து கிடக்கிறது. பிளவை விலக்கிப் பார்த்தால் குறுக்காக ஓடும் சிறு மேடு ஒன்று தென்படும். 1878இல் அதைத் தனி நூலாக விவரித்தவர் ஆஸ்திரிய உடற்கூற்றியலாளர் ரிச்சர்ட் ஹெஷ்ல். அவர் பெயராலேயே அது ஹெஷ்ல் மடிப்பு எனப்படுகிறது. செவியிலிருந்து வரும் ஒலிச் செய்தி மூளைப் புறணியில் முதலில் சேரும் பகுதி பெரிதும் இம்மேட்டில்தான் இருக்கிறது. மேட்டுக்குப் பின்னால் முக்கோணமாக விரியும் தளத்துக்குப் பிளேனம் டெம்போராலே என்று பெயர்.

பாடநூல் படங்களில் மேடு ஒன்றுதான். மெய்யான மூளைகள் அப்படி இல்லை. சிலருக்கு ஒரே மேடு. சிலருக்கு உட்புறத்தில் ஒரே அடியாகத் தொடங்கி, வெளிப்புறம் போகப் போக இரண்டாகப் பிரிகிறது. சிலருக்கு முழுமையாகவே இரண்டு, அரிதாக மூன்று. ஒரே மனிதரின் இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒத்திருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. இவ்வடிவம் கருவறையிலேயே உருவாகத் தொடங்கிவிடுகிறது. இடப்பக்கத்தைவிட வலப்பக்கத்தில் ஒன்றிரண்டு வாரம் முன்னதாகவே மடிப்புகள் தோன்றுகின்றன என்று 1977இல் வெளிவந்த கருமூளை ஆய்வொன்று காட்டியது.

மேடு எத்தனை இருந்தால் என்ன என்று கேட்கலாம். 1968இல் நார்மன் கெஷ்விண்ட், வால்டர் லெவிட்ஸ்கி இருவரும் 100 மூளைகளில் பிளேனம் டெம்போராலேயை அளந்தார்கள். 65 மூளைகளில் இடப்பக்கம் பெரிது. 11இல் வலப்பக்கம் பெரிது. 24இல் வேறுபாடு இல்லை. மொழி பெரும்பாலோருக்கு இடப்பக்க மூளையைச் சார்ந்தது என்ற செய்திக்கு ஓர் உடற்கூற்று அடையாளம் கிடைத்துவிட்டது என்ற நம்பிக்கை அன்று பிறந்தது. ஆனால் அத்தளத்தின் முன் எல்லை ஹெஷ்ல் மடிப்பின் பின் விளிம்பு அல்லவா? மேடு இரண்டாக இருந்தால் தளம் எங்கே தொடங்குகிறது? இரண்டாம் மேட்டை ஹெஷ்லோடு சேர்த்தால் தளம் சுருங்குகிறது, சேர்க்காவிட்டால் விரிகிறது. மூளை மாறவில்லை, முடிவு மாறிவிடுகிறது.

எங்கள் ஆய்வகத்தில் ஒவ்வொரு படத்தையும் இருவர் தனித்தனியே குறிப்போம். அண்மையில் ஒரு படத்தில் நான் ஒரு மேடு என்று குறித்தேன்; உடன் பணிபுரிபவர் இரண்டு என்று குறித்தார். நடுவிலிருந்த வரிப்பள்ளம் மேட்டின் நீளத்தில் ஏறத்தாழப் பாதி வரை வந்து நின்றிருந்தது. எவ்வளவு தூரம் வந்தால் அதைப் பிரிவாகக் கொள்வது என்பதற்கு ஆய்வுக்குழுதோறும் ஒரு விதி இருக்கிறது. இருவர் கண்ணிலும் பழுதில்லை. கேள்வி விதியைப் பற்றியது.

மொழியியல் மாணவர்களுக்கு இது புதிதல்ல. 'கல்', 'அகம்', 'தங்கம்' ஆகிய மூன்றிலும் ககரம் மூன்று விதமாக ஒலிக்கிறது. தமிழில் அவற்றை ஓர் ஒலியனின் மாற்றொலிகளாகக் கொள்கிறோம். இந்தியில் ககரத்தின் வல்லொலியும் அதிரொலியும் இரு வேறு ஒலியன்கள். ஒலியில் இருக்கும் வேறுபாடு ஒன்றுதான், எண்ணிக்கை வேறு. ஆனால் ஒலியனியலாருக்குப் பொருள் மாறுகிறதா என்று பேசுபவரையே கேட்டுத் தெளியும் வசதி உண்டு. உடற்கூற்றியலார் அப்படிக் கேட்க முடியாது. நுண்ணோக்கியில் தெரியும் உயிரணு அடுக்குகளின் எல்லையும் மேட்டின் விளிம்போடு பொருந்தி முடிவதில்லை.

எண்ணாமல் சராசரி எடுத்துவிட்டால்? பல மூளைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சராசரி கண்டால், ஒற்றை மேடும் இரட்டை மேடும் கலந்து, எவர் தலையிலும் இல்லாத மங்கலான ஒரு வடிவமே மிஞ்சுகிறது. ஒரே மூளையை அளவுகோலாக்கினால் வேறு சிக்கல். 1988இல் வெளிவந்து நெடுங்காலம் எங்கும் பயன்பட்ட டலைராக் வரைபடம் 60 வயதுப் பெண்மணி ஒருவரின் மூளையை அடிப்படையாகக் கொண்டது.

இனி எனக்கு உறக்கம் கெடுக்கும் பகுதிக்கு வருகிறேன். நார்லி கொலெஸ்தானியும் அவர் குழுவினரும் 2007இல் வெளியிட்ட ஆய்வில், பிரெஞ்சு மொழி பேசுவோர்க்கு இந்தியின் பல்லொலியையும் வளைநா ஒலியையும் பிரித்தறியப் பயிற்சி தந்தார்கள். விரைவில் கற்றவர்களிடம் இடப்பக்க ஹெஷ்ல் மடிப்பின் வெண்பொருள் கூடுதலாக இருந்தது. 2011இல் அவரும் கேத்தி பிரைஸ், சோஃபி ஸ்காட் ஆகியோரும் ஒலியியல் வல்லுநர் 17 பேரை ஆராய்ந்தபோது, இடப்பக்க மேடு பிளவுபட்டோ ஒன்றுக்கு மேற்பட்டோ இருப்பது மற்றவர்களைவிட வல்லுநர்களிடம் மிகுதியாகக் காணப்பட்டது. பயிற்சியால் மேடு பிளவதில்லை. அப்படியானால் ஒலியியலார் பிறக்கும்போதே ஒலியியலாரா?

எங்கள் ஆய்வில் பங்கேற்ற மாணவி ஒருவர், ஒலியியலைத் தேர்வதா வேண்டாமா என்று தயங்கிக்கொண்டிருந்தவர், "என் மூளையில் ஒன்றா, இரண்டா?" என்று கேட்டார். கைரேகையைக் கொண்டு குழந்தையின் எதிர்காலப் படிப்பைச் சொல்வதாகப் பெற்றோரிடம் பணம் பெறும் சோதனைகள் மலிந்த நாட்டில், இது விளையாட்டுக் கேள்வி அல்ல. தனிநபர்க்கு விளக்கம் தருவதை ஆய்வு நெறிமுறை அனுமதிக்காது என்று சொல்லி நான் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தாமல், 'பட்டு' என்றும் 'பத்து' என்றும் சொல்லிக் காட்டினேன். பிரெஞ்சுக்காரர்கள் பாடுபட்டுக் கற்ற வேறுபாடு இதுதான். தமிழ் கேட்டு வளரும் குழந்தைகள் எவரிடமும் மேட்டை எண்ணிப் பார்த்தபின் இவ்வேறுபாடு வந்து சேர்வதில்லை. ஒற்றை மேட்டுக்காரர்க்கும் இரட்டை மேட்டுக்காரர்க்கும் ஒருங்கே வருகிறது. வளர்ந்தபின் அயல் ஒலியை எவ்வளவு விரைவாகக் கற்கிறோம் என்பதில் மடிப்புக்குப் பங்கு இருக்கலாம். கற்க முடியுமா என்று தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் அதற்கு இல்லை.

அதே 2011ஆம் ஆண்டு ஆய்வின் இன்னொரு பாதி மேற்கோளாக அதிகம் எடுத்தாளப்படுவதில்லை. புரோக்கா பகுதியின் ஒரு கூறு, பயிற்சி ஆண்டுகள் கூடியிருந்த வல்லுநர்களிடம் அளவிலும் கூடியிருந்தது. பிறப்பும் உழைப்பும் ஒரே கட்டுரையில் அருகருகே இருக்கின்றன. முதற்பாதியை மட்டும் படிப்பது வாசிப்பாகாது.

என் ஆய்வேட்டில் ஒவ்வொரு முடிவையும் இருமுறை தருகிறேன்: இரண்டாம் மேட்டைச் சேர்த்து ஒருமுறை, சேர்க்காமல் ஒருமுறை. இரண்டிலும் நிற்கும் முடிவு மட்டுமே முடிவு. மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள்: மூளையின் ஏதோ ஒரு பகுதி பெரிது, சிறிது என்று எங்கேனும் படித்தால், மேற்கோள் காட்டுவதற்கு முன் ஆய்வுமுறைப் பகுதியைத் திறந்து, கோட்டை எங்கே வரைந்தார்கள் என்று பாருங்கள். அந்த ஒரு வாக்கியம் அங்கே இல்லையென்றால், எண்களை நம்ப அவசரப்படாதீர்கள்.