தண்ணீரும் ஒரு பயணி

ஒரு லிட்டர் தண்ணீரின் எடை ஒரு கிலோ. பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டு மறந்துபோகிற இந்தக் கணக்கை எனக்குத் திரும்பவும் கற்றுக்கொடுத்தது டிராவிஸ் ஏரி. டெக்சாஸில் ஆஸ்டின் நகரத்துக்கு மேற்கே, கொலராடோ ஆற்றை மான்ஸ்ஃபீல்ட் அணை மறித்து உண்டான ஏரி அது. கிராண்ட் கேன்யனை அறுத்த கொலராடோ வேறு. இது டெக்சாஸுக்குள்ளேயே ஓடிக் கடலில் சேர்கிற ஆறு.

அந்த ஏரியில் என் நண்பர் ஒருவருக்குப் படகு இருக்கிறது. தூத்துக்குடிக்காரர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், அதனால் அண்ணன். கடன் வாங்கி, அண்ணியிடம் திட்டும் வாங்கி எடுத்த 22 அடி வேக்போர்டிங் படகு. பலகையில் இரண்டு கால்களையும் பூட்டிக்கொண்டு, கயிற்றைப் பிடித்தபடி, மணிக்கு 35 கிலோமீட்டர் வேகத்தில் போகும் படகின் பின்னால் இழுபடுகிற விளையாட்டு வேக்போர்டிங். படகுக்குப் பின்னே இரண்டு பக்கமும் விரிந்து எழும் அலைதான் ஆட்டக்காரரின் ஏணி. அதில் ஏறித்தான் அவர் காற்றில் எகிறுவார். அலை உயரமாக இருந்தால் எகிறலும் உயரம்.

அலையை எப்படி உயர்த்துவது? படகை அமிழ்த்த வேண்டும். படகு நீரில் ஒரு பள்ளம் தோண்டியபடியே போகிறது. அந்தப் பள்ளத்தை மூட ஓடிவரும் நீர்தான் அலையாக எழுகிறது. படகு கனத்தால் பள்ளம் பெரிதாகும். ஆகவே இருக்கைகளுக்கு அடியில் பெரிய பைகளை வைத்து, ஏரித் தண்ணீரையே பம்பு வைத்து உள்ளே இழுக்கிறார்கள். பாலாஸ்ட் என்று பெயர். அண்ணன் வாயில் அது வெறும் 'பாரம்'.

அவர் படகில் பின்பக்கம் இரண்டு பைகள், ஒவ்வொன்றும் 340 கிலோ. முன்பக்கம் 180 கிலோ பை ஒன்று. மொத்தம் 860. ஒரு மாருதி ஆல்டோவின் எடையைவிட அதிகம். பம்பு நிமிடத்துக்கு 50 லிட்டர் இழுக்கும் என்று வைத்துக்கொண்டால், ஒரு பின்பை நிரம்ப ஏழு நிமிடம் ஆகும். அந்த ஏழு நிமிடமும் அண்ணன் பேசமாட்டார். விளிம்புக்கும் நீருக்கும் நடுவே உள்ள இடைவெளி குறைந்துகொண்டே வருவதைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருப்பார்.

முதல் நாள் நான் நினைத்தது, பாரம் ஏற்றுவதுதான் வேலை என்று. நிஜமான வேலை அதைப் பங்கு போடுவது. பின்னால் கூட்டினால் அலை செங்குத்தாக எழும். அதற்கும் மேல் போனால் அலையின் தலை உடைந்து வெள்ளை நுரையாகிவிடும். மூக்கு மேலே தூக்கிக்கொண்டு ஓட்டுபவருக்கு எதிரே வருவது தெரியாது. முன்னால் கூட்டினால் அலை நீண்டு, சரிவு மென்மையாகும். புதிதாகப் பழகுகிறவர்களுக்கு அதுதான் தோது. ஆட்டக்காரர் இந்தப் பக்க அலையிலிருந்து எகிறி அந்தப் பக்க அலையில் இறங்குவதால், இடமும் வலமும் சமமாக இருந்தாக வேண்டும்.

இதன் பங்காளி ஆட்டமான வேக்சர்ஃபிங் நேர்மாறு. மணிக்கு 18 கிலோமீட்டர்தான் வேகம். எழுந்து நின்றதும் கயிற்றை விட்டுவிட்டு, அலை தள்ளுகிற தள்ளலிலேயே போகலாம். அதற்கு ஒரு பக்க அலை மட்டும் போதும் என்பதால், வேண்டுமென்றே படகை அந்தப் பக்கம் சாய்ப்பார்கள். பாரம் உள்ள பக்கம் அலை சுத்தமாக எழும், மறுபக்கம் நுரைத்துக் கலங்கும். புதிய படகுகளில் பின்புறத் தகடுகளே இந்த வேலையைச் செய்துவிடுகின்றன. அண்ணனுடையது பழசு. பைகளும் ஆட்களும்தான்.

ஆட்கள் என்றால் நான். என் எடை 80 கிலோ. "ஏ, நீ அந்தப் பக்கம் போய் உக்காருடே" என்பார். போவேன். அலை மாறும்! ஒரு ஆள் இடம் மாறினால் 80 கிலோதான் மாறுகிறது என்று தோன்றும். இடப்பக்கம் 80 குறைந்து வலப்பக்கம் 80 கூடுகிறது, வித்தியாசம் 160. ஆபீசில் ஒரு டீமிலிருந்து இன்னொரு டீமுக்கு ஆளை மாற்றும்போதெல்லாம் எனக்கு இந்தக் கணக்கு ஞாபகம் வருகிறது.

பையை அரைகுறையாக நிரப்பவும் அண்ணன் விடமாட்டார். உள்ளே காற்று இருந்தால், படகு எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமே தண்ணீரும் ஓடும். சாய்வு இன்னும் கூடும். ஒன்று முழுசாக நிரப்ப வேண்டும், இல்லையா, முழுசாகக் காலி செய்ய வேண்டும். நிறைகுடம் தளும்பாது என்பதைப் பணிவைப் பற்றிய பழமொழி என்றே இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். கப்பல் கட்டுகிறவனும் அதைச் சொல்லியிருக்கலாம்.

ஒரு ஜூலை மாதச் சனிக்கிழமை. இரண்டு குடும்பங்கள் விருந்தாளிகளாக வந்திருந்தன. குழந்தைகள் எல்லோருக்கும் மூக்குப் பகுதியில்தான் உட்கார வேண்டும், காற்று அங்கேதான் அடிக்கும். அவர்களோடு இரண்டு அப்பாக்களும் போய் உட்கார்ந்துவிட்டார்கள். அண்ணன் எஞ்சினை அணைத்தார்.

"பெரியவங்க ரெண்டு பேரும் பின்னால வந்துருங்க. முன் பையையும் காலி பண்ணிருதேன்."

"சீட் காலியாத்தானே சார் இருக்கு? இன்னும் எத்தனை பேர் வேணா உக்காரலாமே" என்றார் ஒருவர்.

"சீட்டு காலிதான் சார். ஆனா படகு காலி இல்ல. ஏற்கெனவே பதினோரு பேரு கீழ உக்காந்திருக்காங்க."

அவர் குனிந்து பார்த்தார். அண்ணன் சொன்னது பைகளை. ஆளுக்கு 75 கிலோ என்று வகுத்தால் 860 கிலோ நீர் பதினோரு பேருக்கும் மேல். அண்ணன் கணக்கில் தண்ணீரும் ஒரு பயணி. டிக்கெட் எடுக்காத, லைஃப் ஜாக்கெட் போடாத பயணி. இத்தனை பேர், இவ்வளவு எடை என்று படகில் தகடு அடிக்க வேண்டும் என்னும் அமெரிக்கக் கூட்டரசு விதி 20 அடிக்குக் குறைந்த படகுகளுக்குத்தான். 22 அடிப் படகில், தயாரிப்பாளர் தானாக அடித்த தகடு இருந்தால் உண்டு. மற்றபடி ஓட்டுபவரின் மனசாட்சிதான் தகடு.

அந்த அப்பா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே பின்னால் வந்தார். அரை மணி நேரம் கழித்து, விழுந்த பையனை ஏற்றிக்கொள்ள நாங்கள் திரும்பி மெதுவாகப் போய்க்கொண்டிருந்தபோது, கொஞ்ச தூரத்தில் போன ஒரு பெரிய படகின் அலையும் எங்கள் பழைய அலையும் ஒன்றாகச் சேர்ந்து எதிரே வந்தன. மூக்கு ஒருமுறை குனிந்தது. வாளி வாளியாகத் தண்ணீர் உள்ளே கொட்டி, குழந்தைகளின் கணுக்கால் வரை நின்றது. சின்னவள் அலறினாள். அண்ணன் பதறாமல் கொஞ்சம் விசை கொடுத்தார், மூக்கு எழுந்தது. அடித்தளப் பம்பு தண்ணீரை வெளியே துப்பியது. அவ்வளவுதான் நடந்தது. முன் பையில் 180 கிலோவும், மேலே இரண்டு அப்பாக்களும் இருந்திருந்தால் மூக்கு எழுந்திருக்குமா? யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. 2020 செப்டம்பரில் இதே ஏரியில் நடந்த ஒரு படகு ஊர்வலத்தில், நெருக்கியடித்துப் போன படகுகள் எழுப்பிய அலைகளிலேயே சில படகுகள் மூழ்கின. அன்று புயல் ஒன்றும் இல்லை.

அதற்குப் பிறகு நான் அலையை வேறு விதமாகப் பார்க்க ஆரம்பித்தேன். நமக்காக எழுப்பிய அலை நாம் போன பிறகும் போய்க்கொண்டிருக்கிறது. கரையோரம் கயாக்கில் தூண்டில் போடுகிறவரை அது ஆட்டுகிறது, படகுத்துறைகளை உலுக்குகிறது, கரை மண்ணை அரிக்கிறது. மினசோட்டா பல்கலைக்கழக ஆய்வகம் 2022இல் அளந்து சொன்னது இது: சாதாரணப் படகின் அலை 200 அடியில் எவ்வளவு அடங்குமோ, அந்த அளவுக்கு வேக்சர்ஃபிங் அலை அடங்க 500 அடிக்கு மேல் வேண்டும். வெர்மான்ட் மாநிலம் 2024இல் விதியே போட்டது. கரையிலிருந்து 500 அடி தள்ளி, குறைந்தது 20 அடி ஆழத்தில்தான் இந்த ஆட்டம்.

அதே விதியில் இன்னொன்றும் உண்டு. இப்படிப்பட்ட படகு ஒரு வருடத்துக்கு ஒரே ஏரியில்தான் இருக்க வேண்டும். மாற வேண்டுமானால் முறையாகச் சுத்திகரிக்க வேண்டும். காரணம் பைக்குள் இருக்கிறது. என்ன பம்பு போட்டாலும் அடியில் கொஞ்சம் தண்ணீர் தங்கும். அந்தத் தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாத குஞ்சுகளாக வரிக்குதிரை மட்டிகள் பயணம் செய்ய முடியும். கருங்கடல், காஸ்பியன் பக்கத்து உயிர் அது. கப்பல்களின் பாலாஸ்ட் நீரோடு வந்து 1980களின் கடைசியில் அமெரிக்கப் பேரேரிகளில் குடியேறியது. 2009இல் டெக்சாஸின் டெக்சோமா ஏரியில் தென்பட்டது. 2017இல் எங்கள் டிராவிஸ். இப்போது பாறையில் வெறும் காலை வைத்தால் ஓடு கிழித்துவிடும். 2019 பிப்ரவரியில் ஆஸ்டினின் சில பகுதிகளில் குழாய்த் தண்ணீர் நாறியது; குழாய்க்குள் செத்துக் கிடந்த மட்டிகள்தான் காரணம் என்றது குடிநீர்த் துறை. யாரோ, எங்கோ, தங்கள் கலம் ஆடாமல் இருக்க ஏற்றிய பாரம், ஊர்க்காரர்களின் குடிதண்ணீரில் வந்து இறங்கியிருக்கிறது.

இதை எண்ணூரில் இருக்கும் சித்தியிடம் போனில் சொன்னேன். அவளுக்கு நான் விளக்கவே வேண்டியிருக்கவில்லை.

"இங்க காக்கா ஆழி வந்துகீதே, தெரியாதா? ஆத்துல கால வெக்க முடில, கீச்சிருது. எறா எங்கடா கெடைக்குது இப்பல்லாம்?"

தென்னமெரிக்க மட்டி அது. கொசஸ்தலை ஆற்றின் அடித்தரையில் பாய் விரித்தாற்போலப் படர்ந்து, இறால் இருக்கும் இடத்தைப் பிடித்துக்கொண்டது. கப்பல்களின் பாலாஸ்ட் நீரிலோ அடிப்பகுதியில் ஒட்டிக்கொண்டோ வந்திருக்க வேண்டும் என்கிறார்கள். பாலாஸ்ட் நீரைச் சுத்திகரிக்கச் சொல்லும் சர்வதேச உடன்படிக்கை 2004இல் எழுதப்பட்டு, 2017இல்தான் நடைமுறைக்கு வந்தது. ஆற்றில் இறங்கிக் கையால் இறால் பிடித்துப் பிழைத்தவர்கள் எந்தக் கப்பலிலும் ஏறியதில்லை.

வேக்போர்டிங்கை விட்டுவிட வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. அண்ணனின் பத்து வயது மகள் முதன்முதலாக அலையிலிருந்து எகிறி, விழாமல் இறங்கியபோது அவள் போட்ட கூச்சலைக் கேட்டவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள். ஏற்றும்போது எடுத்துக்கொள்கிற அக்கறையை இறக்கும்போதும் எடுத்துக்கொள்ள வேண்டும் என்றுதான் தோன்றுகிறது. அண்ணன் இப்போது ஏரியின் அகன்ற நடுப்பகுதிக்குப் போன பிறகுதான் பைகளை நிரப்புகிறார். கரையேறியதும் எல்லா நீரையும் வெளியேற்றுவது டெக்சாஸில் சட்டம். அதற்கு மேலும் அவர் ஒன்று செய்கிறார். வேறு ஏரிக்குப் போவதற்கு முன்னால் பைகளைக் கழற்றி, வெந்நீர் விட்டு அலசி, ஒரு வாரமாவது காயப்போடுகிறார். ஈரப் பையைத் தனி ஆளாகத் தூக்கித் தலைகீழாகப் பிடிப்பது கஷ்டம். ஒரு முனையை அவர் பிடிக்க, மறுமுனையை இன்னொருவர் உயர்த்த வேண்டும். ஞாயிறு சாயங்காலங்களில் அந்த முனையை நான் பிடிக்கிறேன். கடைசி அரை லிட்டர் வரத்தான் ரொம்ப நேரம் ஆகிறது.