ஒரே மலை, மூன்று வெள்ளை

கீழ்பென்னாத்தூர் ஏரிக்கரையில் நின்றால் அண்ணாமலை மேற்கே தெரியும். திருவண்ணாமலை ஊருக்குள் கழுத்து வலிக்க நிமிர்ந்து பார்க்கிற 2,668 அடி மலை, இங்கே மல்லாட்டைக் கொல்லைகளுக்கு அப்பால் நீலமாக, கையகல உயரத்தில் கிடக்கிறது. காலை வெயில் அதன் முகத்தில் நேராக விழுவதால் மேடும் பள்ளமும் பிரிந்து துலங்கும். மாலையில் சூரியன் அதன் முதுகுப்பக்கம் இறங்கும்போது எல்லாம் ஒரே கருநிழலாகிவிடும். படம் வரைகிறவர்களுக்கு இந்த ஊர் உட்கார்ந்த இடத்திலேயே நாளுக்கு இரண்டு மலைகளைத் தருகிறது.

இந்த மலையை மூன்று பேர் மூன்று விதமான வண்ணங்களில் வரைகிறார்கள் என்று கேள்விப்பட்டுத்தான் போனேன். அரசுப் பள்ளியின் பகுதிநேர ஓவிய ஆசிரியர், முன்பு போர்டு எழுதிப் பிழைத்த பெயின்டர், ஆசிரியரிடம் படிக்கும் ஒன்பதாம் வகுப்புப் பெண். விடுமுறை நாட்களில் விடிந்ததும் புளியமரத்தடியில் கூடிவிடுகிறார்கள்.

ஆசிரியர் கையில் எடுப்பது வாட்டர் கலர். தாளின் நான்கு பக்கத்தையும் பலகையில் டேப் போட்டு ஒட்டிவிட்டு வெகுநேரம் பிரஷைத் தொடாமல் மலையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய பெட்டியில் வெள்ளை கிடையாது. தாளின் வெள்ளைதான் வெளிச்சம். வெயில் படுகிற பாறையை முதலிலேயே விட்டுவிட வேண்டும். நிறம் ஏறிவிட்டால் அந்த வெள்ளை முழுசாகத் திரும்பி வராது. "எங்க பிரஷ் வைக்கக் கூடாதுன்னு முடிவு பண்றதுலதான் சார் பாதி வேலை" என்றார்.

இங்குள்ள வெயிலோ இந்த வேலைக்குப் பெரிய இடைஞ்சல். வானத்துக்கு வாஷ், அதாவது நீர்த்த நிறப் பூச்சு, இழுத்துக்கொண்டிருக்கும்போதே ஓரம் காய்ந்து கோடு விழுந்துவிடும். அதனால் வெயில் ஏறுமுன் வானத்தை முடித்துவிடுகிறார். வாட்டர் கலரில் நிறத்தைத் தாளோடு பிடித்துவைப்பது வேலமர இனத்துப் பிசின். காய்ந்த பிறகும் தண்ணீர் பட்டால் அது இளகும். எனவே இரண்டாம் வாஷை ஒரே இழுப்பில் போட வேண்டும். தேய்த்தால் அடியிலிருப்பது கலங்கிச் சேறாகும். பள்ளியில் கொடுக்கும் மெல்லிய டிராயிங் ஷீட் இதைத் தாங்காமல் சுருண்டுவிடுகிறது. பாண்டிச்சேரி ஆசிரமத்தின் கைத்தாள் பட்டறை 1959 முதல் இயங்குகிறது. அங்கே போகிறவர்களிடம் சொல்லித் தடித்த தாள் வாங்கிவரச் செய்து, அதையும் நாலாக வெட்டித்தான் பயன்படுத்துகிறார்.

பிரான்சில் ஓவியர் செசான் செயின்ட் விக்டோயர் மலையை எண்ணெய் வண்ணத்திலும் வாட்டர் கலரிலும் ஆண்டுக்கணக்கில் வரைந்தார். 1906இல் இறப்பதற்கு முந்தைய ஆண்டுகளில் அவர் தீட்டிய வாட்டர் கலர்களில் தாளின் பெரும்பகுதி தொடப்படாமலே இருக்கும். மலை மட்டும் குறையாது. ஆசிரியரின் படத்திலும் மலையின் நெற்றி வெறும் தாள்தான்.

பெயின்டருக்கு இந்தத் தயக்கமெல்லாம் இல்லை. கடைப் பலகை, லாரி நம்பர், தேர்தல் சுவர் என்று எனாமலில் ஊறிய கை அது. பிளெக்ஸ் வந்ததும் போர்டு வேலை போயிற்று. இப்போது வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கிறார், பள்ளிச் சுவர்களில் படம் போடுகிறார். மலைக்கு அவர் எடுப்பது அக்ரிலிக். பலகை முழுக்கக் கரும்பழுப்பைப் பூசிவிட்டு, அந்த இருட்டிலிருந்து மலையை வெளியே இழுத்தார். வெயில் கடைசியில்தான் வந்தது: வெள்ளையில் துளி மஞ்சள் கலந்து, பட்டை பிரஷின் ஓரத்தால் நாலே தீற்றல்.

"தப்பாப் போச்சுன்னா மேல ஒரு கோட்டு. போர்டுல வேற இன்னா பண்ணுவோம்?" என்றார். நீரில் கலக்கிப் பூசுகிற பொருள்தான் என்றாலும் நீர் வற்றியதும் அக்ரிலிக் பிளாஸ்டிக் படலமாக இறுகிவிடும், பிறகு தண்ணீருக்குக் கரையாது. ஓவியர்களுக்கான இந்த வகை கடைக்கு வந்ததே 1950களில்தான். ஈரத்தில் வெளிறித் தெரியும் நிறம் காய்ந்ததும் ஒரு படி இருண்டுவிடும் என்பதால் பழைய அட்டையில் தீற்றி, காயவைத்துப் பார்த்துவிட்டே பலகைக்குப் போகிறார். மூன்று படங்களில் பாறையின் எடை தெரிந்தது இவருடையதில்தான். வானம் மட்டும் சுவராக நின்றுவிட்டது.

அந்தப் பெண்ணிடம் 24 கலர் பென்சில் பெட்டி ஒன்று இருந்தது. மலையின் நீலத்துக்கு அவள் நீலத்தில் ஆரம்பிக்கவில்லை. முதலில் ஊதா, அதன்மேல் பச்சை, பிறகுதான் நீலம், எல்லாமே அழுத்தாமல். அழுத்தினால் தாளின் சொரசொரப்பை மெழுகு அடைத்துவிடும், அடுத்த நிறம் பிடிக்காது. ஆசிரியர் படத்தை முடித்தபோது அவள் மலைமுகட்டில் கட்டைவிரல் நீளம்தான் நகர்ந்திருந்தாள். மற்ற இருவரின் மலையும் ஒரு காலையின் மலை. இவளுடையதில் பல காலைகள் சேர்கின்றன. வெள்ளையை ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விட்டுக்கொடுக்கிறாள்.

அவள் படத்தில் மலையடிவாரத்தில் வெளிறிய செம்மண் நிறத்தில் ஒரு கீற்று இருந்தது. என்ன என்று கேட்டேன். 2024 டிசம்பர் 1ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் மழையில் வ.உ.சி. நகர்மேல் மண் சரிந்து, ஐந்து குழந்தைகள் உட்பட ஏழு பேர் இறந்த இடம். ஏரிக்கரையிலிருந்து அது தெரியாது. கிரிவலம் போனபோது பார்த்திருக்கிறாள். "தெரியலன்னாலும் அங்க இருக்குதில்ல சார்" என்றாள். கண்ணுக்குத் தெரிவதை மட்டும் வரை என்று சொல்லிக்கொடுப்பவர் ஆசிரியர். அந்தக் கீற்றை அவர் அழிக்கச் சொல்லவில்லை.

அவர் அப்படிச் சொல்லிக்கொடுப்பதற்குக் காரணம் இருக்கிறது. நம் பள்ளிகளில் இயற்கைக் காட்சி என்றால் இரண்டு முக்கோண மலை, நடுவே பாதிச் சூரியன், ஓர் ஆறு, ஒரு குடிசை, ஒரு தென்னை. மேற்கே மெய்யான மலை நிற்கும் ஊரின் பிள்ளைகளும் அதையேதான் வரைகிறார்கள். இதை மாற்ற அவருக்குக் கிடைப்பது வாரத்தில் மூன்று அரை நாட்கள். 2012இல் ஓவியம், உடற்கல்வி, தையல் போன்ற பாடங்களுக்காக 16,549 பேர் மாதம் 5,000 ரூபாய்க்குப் பகுதிநேர ஆசிரியர்களாக நியமிக்கப்பட்டார்கள். தொகை பிறகு உயர்ந்திருக்கிறது. பணி நிரந்தரம் கேட்டுச் சென்னையில் அவர்கள் பலமுறை போராடியும் இருக்கிறார்கள். பார்க்கக் கற்றுத்தருவதை அரை நாள் வேலையாக நினைக்கிற ஏற்பாட்டை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

புறப்படும்போது தீபத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. கார்த்திகையில் உச்சியில் ஏற்றும் மகாதீபம் 11 நாள் எரியும். இரவில் இந்தக் கரைக்கும் ஒரு பொட்டாகத் தெரியும். இந்த வருடம் மூவரும் அதை வரைவதாக இருக்கிறார்கள். பொட்டளவு தாளை விட்டுவிட்டுச் சுற்றிலும் இருட்டை வாஷாக இறக்க வேண்டும், அதற்கு ஒரே வாய்ப்புதான் என்றார் ஆசிரியர். பெயின்டர் ஒத்துக்கொள்ளவில்லை: மொத்தத்தையும் கறுப்பாக்கிவிட்டுக் கடைசியில் ஒரு புள்ளி வைத்தால் முடிந்தது, இதற்கு ஏன் இவ்வளவு பயம்? அந்தப் பெண் கறுப்புச் சார்ட் வாங்கப்போகிறாளாம். இருட்டு அதிலேயே இருக்கிறது, மலை விளிம்பையும் தீயையும் மட்டும் வரைந்தால் போதும் என்றாள். கறுப்புத் தாளில் கலர் பென்சில் மங்கலாகத்தான் விழும் என்று ஆசிரியர் எச்சரித்தார். அடியில் வெள்ளைப் பென்சிலை ஒரு தடவை போட்டுவிட்டு அதன்மேல் மஞ்சளை ஏற்றிப் பார் என்று பெயின்டர் யோசனை சொன்னார்.