பாட்டி எடுத்த முடிவு

வெள்ளிக்கிழமை மாலை. ஈசூனில் உள்ள தம் வீவக வீட்டில் பாட்டி காப்பி கலக்கிக்கொண்டிருந்தார். சர்க்கரை போட்டோமா இல்லையா என்ற சந்தேகம் அவருக்கு வந்தது. கரண்டியால் ஒரு துளி எடுத்து ருசி பார்த்தார். சில மாதங்களாக இப்படிச் சோதித்துப் பார்ப்பது அவருக்கு வழக்கமாகிவிட்டது. முதுமை மறதிநோயின் தொடக்கநிலை இது என்று மருத்துவர் சொல்லியிருந்தார்.

காப்பியை மேசையில் வைத்துவிட்டு, மகனையும் மகளையும் பார்த்துப் பாட்டி பேசினார்.

“நீண்டகால அதிகாரப் பத்திரம் எழுதிவிடலாம் என்று நினைக்கிறேன்.”

மகனின் முகம் வாடியது. “எதற்கம்மா இப்போது அந்தப் பேச்சு? உங்களைப் பார்த்துக்கொள்ள நாங்கள் இல்லையா?”

“நீங்கள் இருப்பதால்தான் சொல்கிறேன். எதிர்வீட்டில் நடந்ததை மறந்துவிட்டாயா?”

யாரும் மறக்கவில்லை. எதிர்வீட்டு அம்மாளுக்கு மறதிநோய் முற்றிப்போனது. அவருடைய சேமிப்பு முழுவதும் அவர் பெயரில் மட்டுமே இருந்தது. அவரைப் பராமரிக்க அந்தப் பணத்தை எடுக்கப் பிள்ளைகளால் முடியவில்லை. தாயின் சார்பில் முடிவெடுக்கும் பிரதிநிதியாகத் தங்களை நியமிக்கும்படி அவர்கள் நீதிமன்றத்தை நாட வேண்டியதாயிற்று. மருத்துவர் அறிக்கை, வழக்கறிஞர் கட்டணம் என்று செலவும் அலைச்சலும் சேர்ந்தன. அந்த அம்மாளின் விருப்பம் என்ன என்று கேட்கவோ, அப்போது காலம் கடந்துவிட்டது.

இந்த நிலையைத் தவிர்க்கச் சிங்கப்பூரில் சட்டம் வழிசெய்திருக்கிறது. 2010ஆம் ஆண்டு நடப்புக்கு வந்த மனத்திறன் சட்டத்தின்கீழ், 21 வயது நிறைந்த எவரும் இப்பத்திரத்தை எழுதலாம். தாம் முடிவெடுக்கும் ஆற்றலை இழந்தால், தம் உடல்நலப் பராமரிப்பையும் பணம், சொத்து விவகாரங்களையும் யார் கவனிக்க வேண்டும் என்பதை அதில் குறிப்பிடலாம். பத்திரம் எழுதிய உடனே அந்த அதிகாரம் கைமாறிவிடாது. எழுதியவர் ஆற்றலை இழந்த பிறகே அது செயல்படும். அப்போதும் அவருக்காக உயில் எழுதவோ, அவருடைய சமயத்தை மாற்றவோ பத்திரத்தில் நியமிக்கப்பட்டவர்களுக்கு உரிமை இல்லை.

பாட்டி மகனையும் மகளையும் நியமித்தார். ஆனால், நீதிமன்ற அனுமதியின்றி வீட்டை விற்கக்கூடாது என்ற கட்டுப்பாட்டையும் சேர்க்கச் சொன்னார்.

“எங்கள்மேல் நம்பிக்கை இல்லையா அம்மா?” மகனின் குரல் தழுதழுத்தது.

“நம்பிக்கை இருப்பதால்தான் உங்கள் பெயரை எழுதுகிறேன். ஆனால், இது உன் அப்பாவும் நானும் வாழ்ந்த வீடு. நான் மறந்துபோன பிறகும் என் மனத்தில் இருந்தது என்ன என்று யாராவது நினைத்துப்பார்க்க வேண்டும் அல்லவா?”

மகன் பதில் பேசவில்லை. தாயின் கையை மெதுவாகப் பற்றிக்கொண்டான்.

பத்திரத்திற்குச் சான்றளிக்கும் மருத்துவரிடம் அடுத்த வாரம் சென்றார்கள். பிள்ளைகளை வெளியே காத்திருக்கச் சொல்லிவிட்டு, அவர் பாட்டியிடம் தனியாகப் பேசினார். இதில் உள்ளவை புரிகின்றனவா, யாராவது வற்புறுத்தினார்களா என்று தமிழிலேயே கேட்டார். மறதிநோய் வந்துவிட்டது என்பதற்காக ஒருவரால் முடிவெடுக்க இயலாது என்று கருதிவிடக்கூடாது. பாட்டி ஒவ்வொரு கேள்விக்கும் நிதானமாக விடையளித்தார். பிறகு தம் கையாலேயே கையொப்பமிட்டார். பத்திரம் பொதுக் காப்பாளர் அலுவலகத்தில் பதிவு செய்யப்பட்டது.

அன்றிரவு பேத்தி பாட்டியின் அருகில் வந்து உட்கார்ந்தாள். அவளுக்கு வயது 15.

“என் பெயரை ஏன் எழுதவில்லை, பாட்டி?”

“அதற்கு 21 வயது ஆகவேண்டுமாம், கண்ணு. உனக்கு வேறு வேலை வைத்திருக்கிறேன். ஒரு நோட்டுப்புத்தகம் எடுத்து வா.”

ஒருவருக்காக முடிவெடுப்பவர்கள், அவர் முன்பு வெளிப்படுத்திய விருப்பங்களையும் எழுதிவைத்த குறிப்புகளையும் கருத்தில் கொள்ள வேண்டும் என்று அச்சட்டம் கூறுகிறது. பாட்டி சொல்லச் சொல்லப் பேத்தி எழுதினாள். காப்பியில் சர்க்கரை குறைவாக இருக்க வேண்டும். வெள்ளிக்கிழமைகளில் கோயிலுக்கு அழைத்துச் செல்ல வேண்டும். முடிந்தவரை வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். அது உங்களுக்குப் பெருஞ்சுமையானால், பராமரிப்பு இல்லத்தில் சேர்ப்பதில் எனக்கு வருத்தமில்லை.

கடைசி வரியை எழுதும்போது பேத்தியின் கை நின்றது.

“எழுது, கண்ணு. அதைப் படித்தால்தான் உன் அம்மாவும் மாமாவும் தங்களைக் குற்றவாளிகளாக நினைக்கமாட்டார்கள்.”

பேத்தி எழுதி முடித்தாள். பாட்டி மூக்குக்கண்ணாடியை அணிந்துகொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்துப் பார்த்தார். பிறகு, பக்கத்தின் அடியில் அன்றைய தேதியைத் தம் கையால் எழுதினார்.